பத்தொன்பது நாள்

பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஏ.
பயிற்சிப் பட்டயத்தில் அதே இடத்தில் ஓ.
அமலோற்பவம் என்று தமிழில் எழுதினால்
இரண்டு பேரும் நான்தான்.
கவுன்சில் ஆங்கிலத்தில் படிக்கிறது.

மார்ச் முப்பத்தொன்று நள்ளிரவோடு
என் பதிவு எண் காலாவதி.
மறுநாள் காலை எட்டரைக்கு
டாக்டரம்மா மேசையைப் பார்த்தபடி சொன்னார்:
"புதுப்பித்து வரும்வரை
பிரசவ அறைக்குள் வேண்டாம் சிஸ்டர்.
இரும்புச்சத்து மாத்திரைக் கணக்கைப் பாருங்கள்."
பதினாறு வருடம்.
ஆயிரத்து நூற்றுச் சொச்சம் தலைகள்
இந்தக் கை வழியே வந்திருக்கின்றன.
கை அப்படியேதான் இருந்தது.
மாத்திரை எண்ணினேன்.

கோபமா என்று கேட்காதீர்கள்.
கல்லல் பக்கம் ஒருத்திக்கு
வலி வேகமெடுக்கட்டும் என்று
வீட்டிலேயே ஊசி போட்டான் ஒருவன்.
கர்ப்பப்பை கிழிந்து
காரைக்குடி வந்து சேரும் முன்
ஆட்டோவிலேயே முடிந்துபோனாள்.
போலீஸ் தேடியபோது
எந்தப் பதிவேட்டிலும் அவன் இல்லை.
எண் என்பது
தப்பு நடந்தால் வந்து கதவைத் தட்ட
ஒரு முகவரி.
அந்த முகவரி எனக்கும் வேண்டும்.
முத்திரைத்தாள், நோட்டரி,
இரண்டு பேரும் ஒருத்தியே என்று
தாசில்தார் ஆபீஸில் ஒரு கடிதம்.
மூன்று முறை போனேன்.
மூன்று முறையும் சாப்பாட்டு நேரம்.

ஏப்ரல் ஐந்து.
ஆத்தங்குடி வழியாக ஸ்கூட்டியில் திரும்புகிறேன்,
கல் பட்டறை வாசலில் கூட்டம்.
மாரிக்கண்ணு. காய்ந்த கல்லை அடுக்குகிறவள்.
முப்பத்தெட்டு வாரம்.
நான் எண்ணிய மாத்திரையைத்தான் தின்கிறாள்.
நூற்றியெட்டு கானாடுகாத்தான் தாண்டிவிட்டதாம்.
குழந்தை அதைவிடக் கிட்டத்தில் இருந்தது.

சிமெண்டுச் சாக்கின் மேல்
யாரோ புதுத் துண்டு விரித்தார்கள்.
கை கழுவக் கல் ஊறும் தொட்டியைக் காட்டினார்கள்.
"அது ஆகாது. குடத்துத் தண்ணி. சோப்பு."
கண்ணாடித் தகட்டில்
பச்சையைப் பாதி ஊற்றியிருந்த முருகையா
அப்படியே விட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார்.

முக்காதே தாயி,
வாயால ஊது, இன்னும் ஊது.
தலை.
கழுத்தில் ஒரு சுற்று.
விரல் நுழைய இடம் இருந்தது,
கொடியைத் தளர்த்தித் தலை வழியே எடுத்தேன்.
அழுதது. பெண்.

கொடியை நான் வெட்டவில்லை.
துடிப்பு அடங்கும்வரை
அம்மா வயிற்றின் மேலேயே கிடக்கட்டும்,
அதுதான் முறை.
ஆனால் காரணம் அது மட்டும் இல்லை.

ஆம்புலன்ஸ் பையன் கிளிப்பை நீட்டினான்:
"நீங்களே போடுங்கக்கா."
"நீ போடு தம்பி.
உன் எண்ணுக்கு உயிர் இருக்கு."
அவன் கை நடுங்கியது.
இடத்தை மட்டும் காட்டினேன்.

பிறப்புப் படிவத்தில் கேட்கிறார்கள்,
பிரசவம் பார்த்தவர் யார்.
மருத்துவர், செவிலியர், பயிற்சி பெற்ற தாதிக்கு
ஒரு கட்டம்.
உறவினர் அல்லது மற்றவருக்கு
எல்லாவற்றுக்கும் கீழே இன்னொன்று.
கிளார்க் ஹபீபுல்லா பேனாவோடு நிமிர்ந்தார்.
"கடைசிக் கட்டம்" என்றேன்.
"உறவா சிஸ்டர், மற்றவரா?"
"அதைப் படிவம் கேட்கவில்லையே."
டிக் போட்டார்.

சான்றிதழ் வந்தது.
ஏப்ரல் இருபதிலிருந்து ஐந்து வருடம் செல்லும்.
நடுவில் பத்தொன்பது நாள்
சட்டப்படி நான் ஒன்றும் அறியாதவள்.

ஆறாவது வாரத் தடுப்பூசிக்கு
மாரிக்கண்ணு வந்தாள்.
தொடையில் குத்தியதும்
பட்டறையில் அழுத அதே குரல்.
அட்டையில் தேதி, மருந்து, கையெழுத்து,
அதன் கீழே எண்.
ரப்பர் முத்திரையை ஒற்றிவிட்டு
ஆங்கில வரியில் ஏ இருக்கிறதா என்று
இரண்டு தரம் பார்த்தேன்.